ஒரு சொட்டுச் சாறு, 60 விநாடி: அந்தக் கருவியை வாங்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறீர்கள். கத்தரி, தக்காளி, வெண்டை, சின்ன வெங்காயம். பாதிக்கு மேல் கேரளாவுக்குப் போகிறது. அங்கே "மருந்து இருக்கிறது" என்று ஒரு லோடு திரும்பினால் நட்டம் மொத்தமும் உங்கள் தலையில். இந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, செல்போன் அளவில் ஒரு கருவியைக் காட்டியிருக்கிறார். காயை இடித்து ஒரு சொட்டுச் சாறு விட்டால் 60 விநாடியில் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். "நானோ தொழில்நுட்பம் சார், எல்லா மருந்தையும் பிடிக்கும்" என்றாராம். விலை 45,000 ரூபாய். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நானோ சென்சார் கட்டுக்கதை இல்லை. நானே அதில் சில வருஷம் கை நனைத்தவன். அவர் சொன்னதில் எது நிஜம், எது ஆசை என்று பிரித்துச் சொல்கிறேன். அப்புறம் முடிவு உங்களுடையது.

தங்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதைக் கண்ணால் பார்க்க முடியும். தங்கக் குளோரைடு கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும். அதைக் கொதிக்க வைத்து, கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட்டை ஊற்ற வேண்டும். மஞ்சள் போய்விடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. "சொதப்பிவிட்டோமோ" என்று நினைக்கும்போது கரைசல் கறுக்கும், பிறகு ஊதாவாகும், கடைசியில் மாதுளைச் சாறு போலச் சிவந்து நிற்கும். நூறு தடவை செய்தவனும் அந்த நிமிடத்தில் அடுப்பை விட்டு நகர மாட்டான். அந்தச் சிவப்பில் மிதப்பவை சுமார் 15 நானோமீட்டர் தங்கத் துகள்கள் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் தங்க அணுக்கள். அதன் எலக்ட்ரான்கள் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் நமக்குச் சிவப்பு தெரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் விழுங்கும் ஒளி மாறிவிடும், கரைசல் நீலமாகும். உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாவதை மைக்கேல் பாரடே 1857-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

சாதாரணச் சாயத்தின் ஒரு மூலக்கூறை விட இப்படி ஒரு தங்கத் துகள் ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளியை விழுங்கும். அதனால் மிகக் கொஞ்சம் இருந்தாலே கண்ணுக்கு நிறம் தெரியும். கரண்டு வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். நாம் தேடும் பொருள் பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டால் போதும், சிவப்பு நீலமாவதே பதில். சீனாவில் 2008-ல் பால் பவுடரில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தைக் கலந்த விவகாரம் நினைவிருக்கும். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். புரதத்தை நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் சோதனையை ஏமாற்றுவதற்காகவே, நைட்ரஜன் நிறைந்த மெலமைனைச் சேர்த்திருந்தார்கள். அடுத்த வருஷமே தங்கத் துகளை வைத்து மெலமைன் கண்டுபிடிக்கும் ஆய்வுக் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. மெலமைனில் உள்ள அமினோ தொகுதிகள் தங்கத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அனுமதி வரம்பும் குழந்தை உணவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதாவது தங்கத்துக்கு எட்டுகிற அளவு. இருந்தும் பாலை நேரடியாக ஊற்ற முடியாது. முதலில் அமிலம் விட்டுப் புரதத்தைத் திரைய வைத்து, சுழற்றிப் பிரித்து, தெளிந்த நீரை எடுத்தாக வேண்டும். செய்தித்தாளில் "ஒரே நிமிடத்தில்" என்று வரும்போது அந்த அரை மணி நேர வேலை காணாமல் போய்விடும்.

நான் பாடம் கற்றுக்கொண்டது பாலில் இல்லை, தண்ணீரில். ஈயம் பட்டால் ஒட்டிக்கொள்ளும்படி தங்கத் துகளின் மேல் ஒரு மூலக்கூறைப் போர்த்தி வைத்திருந்தோம். கண்ணாடிக் குடுவைகளை ராஜ திராவகத்தில் (தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை) கழுவி, காய்ச்சி வடித்த நீரில் ஈயத்தைக் கலந்து பார்த்தால் அற்புதமாக வேலை செய்தது. கூடக் கூட நீலம் ஏறும், வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வரும். அந்தத் தைரியத்தில் பல்லடம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வந்தேன். ஒரு சொட்டு விட்டதும் நீலம், அதுவும் கருநீலம். ஊரே ஈயம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. மறுநாள் அதே தண்ணீரைப் பெரிய கருவியில் கொடுத்துப் பார்த்தால் ஈயம் கண்டுபிடிக்கும் அளவில்கூட இல்லை. நிறத்தை மாற்றியது வெறும் கால்சியமும் மெக்னீசியமும் உப்பும்தான். "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்று அம்மா முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கத்தைச் செலவழித்து நாங்கள் கண்டுபிடித்ததும் அதைத்தான்.

தெளிவாகத் தெரிந்த தண்ணீரிலேயே இந்தக் கதை என்றால் காய்ச்சாற்றை யோசித்துப் பாருங்கள். கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போவது அதிலுள்ள பாலிபீனால்களால். அவை தங்கத்தோடும் வெள்ளியோடும் நன்றாக உறவாடும். தக்காளியில் புளிப்பு. வெண்டைக்காயின் கொழகொழப்பை வடிகட்டவே முடியாது. சாற்றிலுள்ள புரதம் துகளின் மேல் போய்ப் படிந்துகொண்டால், மருந்து இருந்தாலும் துகள்கள் ஒட்டாமல் சிவப்பாகவே நிற்கும். ஆக, இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லும், இருப்பதை இல்லை என்றும் சொல்லும். இரண்டாவதுதான் உங்களுக்கு ஆபத்து.

அளவையும் பாருங்கள். தனியாக வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு தூள் உப்புப் பரலின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அது ஒரு கிலோ கத்தரிக்காய் முழுவதும் பரவியிருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் இதை எப்படிப் பிடிக்கிறார்கள்? ஒரு கிலோவுக்குக் குறையாமல் காயை எடுத்து மொத்தமாக அரைப்பார்கள். அந்த விழுதில் 10 கிராம் எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி, உப்புகளைப் போட்டுக் குலுக்கி, சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்துச் சுத்தப்படுத்துவார்கள். இதற்கு கெச்சர்ஸ் முறை என்று பெயர், 2003-ல் வந்தது. அதற்கப்புறம்தான் எல்சி-எம்எஸ் கருவி, கலவையைப் பிரித்து ஒவ்வொரு மூலக்கூறையும் எடை பார்த்து அடையாளம் காண்பது. அது இருநூறுக்கும் மேற்பட்ட மருந்துகளைத் தனித்தனியே பெயர் சொல்லி, அளவோடு தரும். உங்களிடம் வந்தவரின் கருவி இந்தக் கருவிக்குப் போட்டி என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய அந்த அரைப்பதும் குலுக்குவதும் பிரிப்பதும் எங்கே? ஒரு காயின் ஒரு சொட்டுச் சாறு, நாற்பது விவசாயிகளின் காய் ஏறிய லாரிக்காகச் சாட்சி சொல்ல முடியாது. ஒரே காயில்கூட மருந்து தோலிலும் காம்படியிலும் ஒரு மாதிரி, சதையில் வேறு மாதிரி இருக்கும்.

சரி, அவர் காட்டிய கருவிக்குள் என்ன இருக்கும்? பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காய்கறி மருந்துக்கென்று விற்கும் இந்த மாதிரிப் பொருட்களில் பெரும்பாலும் இருப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. பூச்சியின் நரம்பில் இருக்கிற அதே சாமான்தான், நம் நரம்பிலும் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும், கார்போபியூரான் மாதிரியான கார்பமேட்களும் இந்த நொதியை முடக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. சாற்றில் அவை இருந்தால் கருவியிலுள்ள நொதியும் முடங்கும், மின்னோட்டமோ நிறமோ குறையும், சிவப்பு விளக்கு எரியும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். "நானோ" எங்கே வருகிறது என்றால், அந்த மின்முனையில் கார்பன் நானோகுழாயோ கிராபீனோ (இரண்டும் மிக மெல்லிய கார்பன் வடிவங்கள்) தங்கத் துகளோ பூசுவார்கள். சிக்னல் பெரிதாகும். அவ்வளவுதான். கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி: முன்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் குரலைப் பெரிதாக்கும், ஆள் யாரென்று பார்த்துச் சொல்லாது. ஆளை அடையாளம் காண்பது நொதியின் வேலை. அந்த நொதிக்குத் தெரிந்தது இரண்டு குடும்பங்கள் மட்டும்.

உங்கள் பக்கம் கத்தரியில் காய்ப்புழுவுக்கு இன்று என்ன அடிக்கிறார்கள்? எமாமெக்டின் பென்சோயேட், குளோரன்ட்ரானிலிபுரோல். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இமிடாகுளோபிரிட். பூஞ்சாணத்துக்கு மான்கோசெப். இவற்றில் ஒன்றுகூட இந்த நொதியை முடக்கும் ரகம் இல்லை. இவை எத்தனை இருந்தாலும் பச்சை விளக்கு நிம்மதியாக எரியும். ஆர்கனோபாஸ்பேட்டிலேயே குளோர்பைரிபாஸ் போன்ற சிலவற்றை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்தால்தான் நொதி சரியாகக் கண்டுகொள்ளும். அந்தப் படி கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். "எல்லா மருந்தையும்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அவர் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

வேறு வழிகளும் உண்டு. கையடக்க ராமன் கருவி ஒன்று. திருச்சிக்காரரான சி. வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த அதே விளைவுதான். ஒளி பட்டுச் சிதறும்போது மூலக்கூறு தன் கைரேகையை அதில் பதித்து அனுப்பும், ஆனால் சிக்னல் மிக மிகப் பலவீனம். 1974-ல் சொரசொரப்பான வெள்ளியின் மேல் வைத்துப் பார்த்தபோது அது எதிர்பாராத அளவு வலுத்தது. இன்று வெள்ளி, தங்க நானோ பரப்புகளில் பத்து லட்சம் மடங்கு பெருக்குவது சாதாரணம். இந்த முறை பெயரையும் சொல்லும், அதனால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். ஆனால் துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு ரகசியம்: கட்டுரைகளில் ஆப்பிள் தோலில் கண்டுபிடித்தோம் என்று அடிக்கடி வருவது தைராம் என்ற பூஞ்சாணக்கொல்லி. அதில் கந்தகம் இருப்பதால் வெள்ளியில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத மருந்துகளைப் பற்றிக் கட்டுரை அதிகம் வராது. இன்னொரு செல்லப்பிள்ளை ரோடமின் சாயங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, அதற்குக் காரணமான ரோடமின்-பி இந்தக் குடும்பம்தான். பஞ்சு மிட்டாய்க்காரரைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த முறை பிரமாதம். எமாமெக்டினுக்கு அப்படி இல்லை. அதோடு வெள்ளிப் பரப்பு காற்றில் கறுத்துப் போகும், நம் வீட்டுக் கொலுசு மாதிரியே.

இதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த கொடுமை தெரிந்ததே. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் தங்கத் துகளை வைத்து எண்டோசல்பானைக் கண்டுபிடிக்கவும் பிரித்தெடுக்கவும் முடியும் என்று 2003-ல் காட்டினார்கள். அந்த வழியில் வந்த ஆய்வில் கடைக்குப் போனது எது தெரியுமா? மருந்து எச்சத்தை நீக்கும் குடிநீர் வடிகட்டி. சென்சார் அப்படிப் போகவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வடிகட்டிக்கு வருகிறவனையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும், கால்சியத்தையும் சேர்த்துப் பிடித்தால்கூட யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சென்சார் அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பிடிக்க முடியாது. பெயரும் சொல்ல வேண்டும், அளவும் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் லாரி திரும்பும்.

அப்படியானால் வயலில், தெருவில், வீட்டில் ஜெயித்த நானோ சென்சாரே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கோடிக்கணக்கான பேர் கையில் பிடித்திருக்கிறார்கள். கர்ப்பம் பார்க்கும் பட்டை, கொரோனா கிட். அவற்றில் பெரும்பாலானவற்றில் தெரியும் சிவப்புக் கோடு நான் மேலே சொன்ன அதே தங்கத் துகள்தான். அங்கே ஆளை அடையாளம் காண்பது எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி). ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. தங்கம் வெறும் நிறம். பால் பண்ணைகள் ஆன்டிபயாடிக் எச்சம் பார்க்க இதே வகைப் பட்டைகளைத்தான் லாரி வாசலிலேயே வைத்துப் பயன்படுத்துகின்றன. உங்கள் வேலைக்கும் சில மருந்துகளுக்கு இப்படிப் பட்டைகள் உண்டு. ஆனால் ஒரு பட்டை பெரும்பாலும் ஒரு மருந்துக்கோ ஒரு சிறு குடும்பத்துக்கோ மட்டும். வாங்குபவர் குறிப்பாக ஒரு மருந்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார் என்றால், அதற்கான பட்டை கிடைக்கிறதா என்று தேடுவது நியாயமான செலவு.

வாயு சென்சார் பற்றியும் ஒரு வார்த்தை, உங்கள் கேள்விக்கு அப்பாற்பட்டது என்றாலும். ஒற்றைக் கார்பன் நானோகுழாயில் நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டால் சில விநாடிகளில் மின்கடத்தல் ஆயிரம் மடங்கு வரை மாறுகிறது என்று ஸ்டான்போர்டில் 2000-ல் காட்டினார்கள். உலகமே கொண்டாடியது. ஆனால் வாயு போன பிறகு பழைய நிலைக்குத் திரும்ப, சூடாக்காமல் விட்டால் பல மணி நேரம் பிடித்தது. ஒரு தடவை கத்திவிட்டு அரை நாள் தூங்கும் காவல்காரன். இதற்கிடையில் நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அதைக் கண்டுபிடிக்கும் சட்டைப்பைக் கருவி, நானோ இல்லாத பழைய ரகம், எத்தனையோ வருஷமாகக் கடையில் இருக்கிறது. அங்கே பற்றாக்குறை தொழில்நுட்பத்தில் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விற்பவர் "95 சதவீதம் துல்லியம்" என்பார். அதை அப்படியே நம்பி ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் கிரேடு (காய்ப்பெட்டி) காயில் 20 கிரேடு மட்டும் வரம்பு மீறியது என்று வையுங்கள். கருவி அந்த 20-ல் 19-ஐப் பிடிக்கும். நல்லது. மீதி 980 நல்ல கிரேடுகளில் 5 சதவீதம், அதாவது 49 கிரேடுக்கும் சிவப்பு காட்டும். மொத்தம் 68 சிவப்பு, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பொய். அந்த 49 கிரேடின் சொந்தக்காரர்கள் உங்கள் உறுப்பினர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அதனால் வாங்குவதென்றால் இரண்டு வாரம் கடனாகக் கேளுங்கள். இருபது மாதிரி எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல், நன்றாகக் கலந்தது. பையில் எண் மட்டும் எழுதுங்கள், யாருடைய காய், என்ன அடித்தது என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். ஒரு பாதியை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள், மறுபாதியை அவர் கருவியில் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். லேப் செலவு கையைக் கடிக்கும்தான், ஆனால் 45,000-ஐத் தூக்கிப் போடுவதை விடப் பரவாயில்லை. மாதிரிகளில் சில, அறுவடைக்கு முன் இமிடாகுளோபிரிட் அடித்த வயலிலிருந்து இருக்கட்டும். கருவியை ஒரு நாள் மத்தியானம் டாடா ஏஸ் கேபினில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நொதிக்கு நம் ஊர் மே மாத வெயில் ஆகாது, குளிர்பெட்டி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தச் சோதனையில் தேறினால் வாங்கலாம், முதல் சல்லடையாக மட்டும். சிவப்பு வந்தால் லேபுக்கு அனுப்புவது என்று. பச்சை வந்தால் "இந்த இரண்டு குடும்பத்து மருந்து அதிகமாக இல்லை" என்று மட்டும் அர்த்தம். அதைப் பெட்டியின் மேல் ஸ்டிக்கராக ஒட்டிக் கேரளாவுக்கு அனுப்பிவிடாதீர்கள். உறுப்பினர்கள் என்ன மருந்து, என்ன தேதியில் அடித்தார்கள் என்ற நோட்டு இப்போது எழுதுகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதவில்லையென்றால் கருவிக்கு முன்னால் அதை ஆரம்பியுங்கள். மருந்து டப்பாவில் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதை ஒட்டித்தான் பெரும்பாலான லோடுகளின் தலைவிதி இருக்கிறது. எந்த மருந்துக்குப் பட்டை தேட வேண்டும் என்பதும் அந்த நோட்டிலிருந்துதான் தெரியும்.

அவர் மறுபடி வரும்போது செய்ய ஒரு சின்ன வேலை. சீனாவில் சந்தைகளில் இந்த நொதி அட்டைகள் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. வெங்காயத் தாள், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளி இவற்றின் சாறு இயற்கையாகவே நொதியைக் குழப்பும், மருந்து இல்லாமலே தப்பாகக் காட்டும் என்று அங்கே வழிமுறையிலேயே எச்சரிக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில் மருந்தே படாத பூண்டோ வெங்காயத் தாளோ இருந்தால், டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஒரு கைப்பிடி இடித்து அந்தச் சாற்றை முதலில் விடச் சொல்லுங்கள்.